கொடியை இறக்குங்க சார்!

மாதச் சம்பளக்காரன் அகராதியில் செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு எந்த மரியாதையும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தூக்கம் அதற்குள் மறந்துபோயிருக்கும். வெள்ளிக்கிழமை கண்ணுக்கே தெரியாது. வீட்டில் ஞாயிறன்று அரைத்த மாவு 'இன்றைக்குத் தோசை வார்க்காவிட்டால் நான் பொறுப்பில்லை' என்று பொங்கி நிற்கும். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமைக்குத்தான் வேளச்சேரிப் பக்கம் ஒரு பஃபே ஓட்டல்காரர் விளம்பரம் கொடுத்திருந்தார்: 'நாலு பேர் வாருங்கள், மூணு பேருக்குக் காசு கொடுங்கள்!'

தமிழனிடம் 'நாலு பேர்' என்று சொன்னால் கடைசிப் பயணத்துக்குத் தோள் கொடுக்கிற நாலு பேர்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். எங்கள் நாலு பேருக்கோ சாப்பாடுதான் ஞாபகத்துக்கு வந்தது.

விளம்பரத்தை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டவன் டேலி. கிண்டியில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். பதினைந்து வருஷமாக டேலி சாஃப்ட்வேருக்குள்ளேயே குடித்தனம் நடத்துவதால் அந்தப் பெயர். லோன் என்பவன் தனியார் வங்கியில் இருக்கிறான். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனால்கூட, "பர்சனல் லோன் வேணுமா மச்சி?" என்று கேட்பான். மௌனி, பெருங்குடியில் ஐ.டி. கம்பெனி ஒன்றில் அடுத்தவர்களுக்குச் சம்பளப் பட்டியல் போடுகிறான். பேச்சு குறைவு. நாலாவது அடியேன். பி.காம். முடித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுத வந்தவன். அதாவது, வரவு எது செலவு எது என்று முறைப்படி படித்துவிட்டு, செலவுப் பக்கமாகப் பார்த்துப் போய் நின்றுகொண்டவன்.

நாலு பேரும் 2009ல் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் ஒரே ரூமில் இருந்தோம். ரூமில் மூணு கட்டில். யாராவது ஒருவன் ஊருக்குப் போனால் மற்ற மூணு பேருக்கும் தீபாவளி.

அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்த பஃபே, பக்கத்துத் தெரு மெஸ்தான். டோக்கன் வாங்கிக்கொண்டு, சாப்பிடுகிறவனின் முதுகுக்குப் பின்னால் நின்று, அவன் மோருக்கு வந்துவிட்டானா என்று எட்டிப் பார்த்து இடம் பிடிக்க வேண்டும். 'அளவுச் சாப்பாடு' கிடையாது, முழுச் சாப்பாடுதான். சோறு, சாம்பார், ரசம் எல்லாம் கேட்கக் கேட்க வரும். அப்பளம் மட்டும் ஒன்று. ரெண்டாவது அப்பளம் கேட்டவனை மெஸ் அண்ணன் பார்க்கிற பார்வையில் முதல் அப்பளமும் செரித்துவிடும். மௌனி மூணு தடவை சோறு வாங்குவான். நாலாவது தடவை வாளி தூரத்தில் வரும்போதே இலையில் கையை அகட்டிப் பாத்தி கட்டிவிடுவான். "தம்பி, நீ வந்தா எனக்கு நஷ்டம்டா" என்று அந்த அண்ணன் சிரித்துக்கொண்டே போடுவார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். தலைக்கு 799 ரூபாய். மூணு பேருக்கு 2,397. ஓட்டல் சாப்பாட்டுக்கு ஐந்து சதவீதம் ஜி.எஸ்.டி., 119 ரூபாய் 85 பைசா. மொத்தம் 2,516.85. நாலால் வகுத்தால் தலைக்கு 629 ரூபாய் 21 பைசா. டேலி இதை விளம்பரம் வந்த முப்பதாவது விநாடியில் குழுவில் போட்டான். அந்த 21 பைசாவை அவன் விடவே இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

629 ரூபாயை எப்படி வசூல் பண்ணுவது என்ற திட்டத்தை வகுத்துக் கொடுத்தது நான். குழுவில் சுற்றறிக்கையே அனுப்பினேன். மதியம் யாரும் சாப்பிடக் கூடாது. சூப்பைத் தொடாதே, அது தண்ணீர். ரொட்டியைத் தொடாதே, அது காற்று. உருளைக்கிழங்கு உன் எதிரி. இறால் எப்போது வருகிறதோ அப்போது விழித்திரு. பிரியாணி ஒரு கரண்டி, மரியாதைக்கு. ஐஸ்கிரீம் உருகிப்போகிற பொருள், சந்து பொந்துக்குள் இறங்கிவிடும், அதனால் கடைசியில்.

லோன் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். மதியம் பட்டினி. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது. ஐந்தரைக்கு பேங்க் வாசல் டீக்கடையில் நாலு வாழைக்காய் பஜ்ஜி, அடைப்புக்குறிக்குள் கெட்டிச் சட்னி. அறுநூற்றுச் சொச்ச ரூபாய் விருந்தை ஒரு தட்டு பஜ்ஜி முறியடித்த கதை இது!

என் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். "ராத்திரி நான் சாப்பிட வர மாட்டேன்" என்றேன். "மாவு புளிச்சுப் போயிடும்" என்றாள் என் மனைவி. "ஒரு நாள்தானே?" என்றேன். "அது மாவுக்குத் தெரியுமா?" என்றாள். இதற்கு வணிகவியலில் பதில் இல்லை.

ஏழு மணிக்குள் உட்கார்ந்தால்தான் சலுகை. ஆறு ஐம்பதுக்கு நான் மூச்சிரைக்க மூணாவது மாடி ஏறினேன். மௌனி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். "எப்படிடா வந்தே?" என்றேன். "பறக்கும் ரயில்ல வேளச்சேரி வந்து, அங்கேர்ந்து நடந்து." நடந்து! தெருமுனைப் பெட்டிக்கடைக்கு வண்டியை எடுக்கிறவன் அவன். கொஞ்சம் இளைத்தும் இருந்தான். "என்னடா, ஜிம்மா?" என்று கேட்டேன். சிரித்தான். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. என் கண் அப்போது இறால் எந்தப் பக்கமிருந்து வரும் என்று சமையலறைக் கதவில் இருந்தது.

நீங்கள் இந்த மாதிரி ஓட்டலுக்குப் போயிருப்பீர்கள். போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேஜை நடுவில் ஒரு குழி. அதில் கனல் தட்டை இறக்குகிறார்கள். கம்பியில் குத்திய கோழி, மீன், பனீர், அன்னாசிப்பழம் எல்லாம் அதன் மேல் வந்து உட்காருகின்றன. பக்கத்தில் ஒரு குட்டிக் கொடி. கொடி நிமிர்ந்து நின்றால், 'இன்னும் கொண்டு வா' என்று அர்த்தம். கொடியைச் சாய்த்துவிட்டால், 'போதுமப்பா, சரணடைந்துவிட்டோம்.' அதற்கப்புறம்தான் எழுந்துபோய், நீலத் தீயின் மேல் மூடி போட்டு வரிசையாக வைத்திருக்கும் சாதம், குழம்பு, பிரியாணியைப் பார்க்க வேண்டும். கடைசி மூலையில், யாரோ தூரத்துச் சொந்தம் மாதிரி, தயிர்சாதம்.

பஃபே என்ற பிரெஞ்சு வார்த்தைக்குப் பாத்திர பண்டம் வைக்கிற பக்கத்து மேஜை என்று பொருள். அதன் மேலேயே சாப்பாட்டையும் பரப்பி வைத்ததில் பெயர் ஒட்டிக்கொண்டது. ஸ்வீடன்காரர்கள் இதே மாதிரி பரப்பி வைத்துச் சாப்பிடுவார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஸ்மோர்கஸ்போர்ட். 1939ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் கடை போட்டு அமெரிக்கர்களுக்கு அதைக் காட்டினார்கள். 1958ல் டோக்கியோவின் இம்பீரியல் ஓட்டல் இதை ஜப்பானுக்குக் கொண்டுவந்தது. ஸ்மோர்கஸ்போர்ட் என்று சொன்னால் ஜப்பானில் யார் வாயிலும் நுழையாது. 'வைக்கிங்' என்று பெயர் வைத்துவிட்டார்கள், பழைய கடற்கொள்ளைக்காரர்கள் ஞாபகமாக! ஜப்பானில் இன்றும் பஃபேக்கு அதுதான் பெயர். எங்கள் மேஜையைப் பார்த்திருந்தால் பெயர்ப் பொருத்தம் உங்களுக்கே புரிந்திருக்கும்.

ஆனால், 'ஒரு விலை கொடு, வயிறு முட்டத் தின்னு' என்பதை வியாபாரமாக்கியதில் பெரிய பங்கு சூதாட்ட ஊரான லாஸ் வேகாஸுக்கு. 1941ல் திறந்த 'எல் ராஞ்சோ வேகாஸ்' ஓட்டலில் அந்தப் பத்தாண்டுகளுக்குள்ளேயே ஒரு டாலருக்கு பஃபே போட்டார்கள். சாப்பாட்டில் லாபம் வேண்டாம். ராத்திரியில் பசித்த சூதாடி வேறு எங்கேயும் எழுந்து போகாமல் இருந்தால் போதும் என்ற தயாளம். பஃபே பிறக்கும்போதே ஜெயிக்கப்போவது யார் என்று முடிவாகிவிட்டது, பாருங்கள்.

நம் ஊர் ஓட்டலில் சூதாட்ட மேஜை கிடையாது. அப்புறம் எப்படிக் கட்டுப்படியாகிறது? இங்கேதான் என் பி.காம். கொஞ்சம் உதவிக்கு வருகிறது. வாடகை, சமையல்காரர் சம்பளம், குளிர்சாதனம், கனல் எல்லாம் சனிக்கிழமையும் ஒன்றுதான், செவ்வாய்க்கிழமையும் ஒன்றுதான். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் செலவு நிற்காது. காலியாகக் கிடக்கிற நாற்காலி எதுவும் சம்பாதிக்காது. அதில் ஒருவனைப் பிடித்து உட்காரவைத்து, அவன் தின்கிற பொருளின் விலைக்கு மேல் நூறு ரூபாய் வந்தாலும் அந்த நூறு வாடகைக்கு ஆச்சு. வாரநாளில் விலை குறைவதும், நாலுக்கு மூணு என்று கூவுவதும் இதனால்தான். நம் மேல் பிரியத்தால் இல்லை.

அடுத்தது, ஆயுள் காப்பீட்டுத் தத்துவம். நூறு பேர் பிரீமியம் கட்டுகிறார்கள். ரெண்டு பேருக்குத்தான் கொடுக்க வேண்டி வருகிறது. பஃபேயிலும் அப்படியே. நாலு தட்டு தின்கிறவனுக்கு, ஒரு தட்டோடு எழுந்துவிடுகிற நாலு பேர் பணம் கட்டுகிறார்கள். ஓட்டல்காரருக்கு யார் எவ்வளவு தின்கிறார் என்று கவலை கிடையாது. சராசரி எவ்வளவு என்பதுதான் கவலை.

மூணாவது, வயிறு. அது வங்கி லாக்கர் இல்லை, நினைத்ததையெல்லாம் வைத்துப் பூட்ட. ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் வந்ததும் போதும் என்று சொல்ல ஆரம்பிக்கும். சொல்வதும் உடனே மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை; இருபது நிமிஷம்போல ஆகிவிடும். அந்த முதல் இருபது நிமிஷத்துக்குள் வருவது எது? மொறுமொறு உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், மாவில் தோய்த்துப் பொரித்த ஏதோ ஒன்று. இறால் எப்போது வந்தது தெரியுமா? முப்பத்தைந்தாவது நிமிஷம். தலைக்கு ரெண்டு. நான் கடிகாரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என் சுற்றறிக்கையின் கதி என்னவென்று கேட்கிறீர்களா? உருளைக்கிழங்கை எதிரி என்று எழுதிய நானே பதினாறு துண்டு தின்றிருந்தேன். நல்லா இருந்தது சார், என்ன பண்ணச் சொல்கிறீர்கள்! லோன், பஜ்ஜியின் மேல் கோழியை அடுக்கிவிட்டு முகம் வெளிறி உட்கார்ந்திருந்தான். டேலி மட்டும் நிதானமாக, தின்ன கம்பிகளைத் தனியாக அடுக்கி எண்ணிக்கொண்டிருந்தான். இருப்புக் கணக்கு!

எங்களுக்குப் பரிமாறிய தம்பிக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். ஒடிசாவிலிருந்து வந்து மூணு வருஷமாம். தமிழ் எங்களைவிடச் சுத்தம். "இன்னும் கொஞ்சம் மீன் வைக்கட்டுமா சார்?" என்று வந்து வந்து நின்றான். ஆறு மேஜைக்கு அவன் ஒருவன்.

இதில் எனக்கு உறுத்தலாக இருந்தது மௌனி. மௌனி சூப் குடித்தான். என் சுற்றறிக்கையை முதல் வரியிலேயே மீறிவிட்டான். அப்புறம் வெள்ளரிக்காய், தக்காளி. ரெண்டு துண்டு மீன், ஒரு துண்டு கோழி. அவ்வளவுதான். மெதுவாகக் கையை நீட்டிக் கொடியைச் சாய்த்தான்.

நான் நிமிர்த்தினேன்.

"இன்னும் எட்டு மணிகூட ஆகலைடா. சாப்பிடு."

"போதும்டா."

"629 ரூபாய்க்கு வெள்ளரிக்காயா? ஒரு துண்டு என்ன விலை விழுது தெரியுமா?"

"சொல்லு" என்றான் மௌனி. நான் சொன்னேன். நிஜமாகவே கணக்குப் போட்டுச் சொன்னேன். லோன் சிரித்தான். "மெஸ் அண்ணன் இவனை இப்ப பார்த்தா சந்தோஷப்படுவார்" என்றான். மௌனியும் சிரித்தான். மறுபடி கொடியைச் சாய்த்தான். மறுபடி நிமிர்த்தினேன். பரிமாறுகிற தம்பிக்குக் குழப்பம். நாங்கள் நிமிர்த்தும்போதெல்லாம் ஓடி வருவான். வருவதற்குள் சாய்ந்திருக்கும்.

காஸ்ட்டிங் பேப்பரில் 'மூழ்கிய செலவு' என்று ஒரு பாடம் உண்டு. கொடுத்தாகிவிட்டது, திரும்பி வராது என்கிற பணத்தை, அடுத்து என்ன செய்யலாம் என்ற முடிவில் சேர்க்கவே கூடாது என்பார்கள். டிக்கெட் வாங்கிவிட்டோமே என்று மோசமான படத்தைக் கடைசிவரை பார்க்கிறவன், டிக்கெட் காசோடு மூணு மணி நேரத்தையும் தொலைக்கிறான். மனுஷன் ஏன் இப்படி இருக்கிறான் என்று ஆராய்ந்தவர்களில் ஒருவர்தான் 2017ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கிய ரிச்சர்ட் தேலர். நான் இந்தப் பாடத்தில் 71 மார்க். ஆனாலும் பாருங்கள், அன்று ராத்திரி என் நண்பனின் வயிற்றுக்குள் போகாத கோழியை எண்ணித் தவித்துக்கொண்டிருந்தேன்.

தவிப்பு தாங்காமல் எழுந்து போனேன். ஒரு தட்டில் ரெண்டு குலோப் ஜாமூன், ரெண்டு ஜிலேபி, ஒரு சாக்லேட் கேக், மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். மேன்ஷன் காலத்தில் அவன் குலோப் ஜாமூன் ஜீராவைக் கிண்ணத்தோடு குடிக்கிறவன். கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தேன்.

"இதையாவது தின்னு. இல்லாட்டி காசு வேஸ்ட்டுடா."

மௌனி தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு லோன் பக்கமாக நகர்த்தினான்.

"எனக்கு சுகர்டா."

கனல் தட்டில் எண்ணெய்ச் சொட்டு ஒன்று விழுந்து 'சுர்' என்றது. வேறு சத்தம் இல்லை.

"எவ்வளவு?" என்றான் லோன்.

"எட்டு புள்ளி ஒண்ணு."

லோனுக்கு எட்டு புள்ளி ஒன்று என்றால் வீட்டுக் கடன் வட்டிதான். "அது அவ்வளவு ஒண்ணும் ஜாஸ்தி இல்லையே?" என்றான். மௌனியே விளக்கினான். அவன் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. ரத்தத்தில் மூணு மாதச் சர்க்கரைக்கு ஒரு சராசரி எடுப்பார்களாம், ஹெச்பிஏ1சி என்று. ஆறரையைத் தாண்டினால் சர்க்கரை நோய். கம்பெனியில் வருஷா வருஷம் எடுக்கிற உடல் பரிசோதனையில் தெரிந்ததாம். ஐந்து வாரம் ஆகிவிட்டது. மாத்திரை சாப்பிடுகிறான். நடக்கிறான்.

"ஏன்டா எங்ககிட்ட சொல்லலை?"

"சொன்னா ஆளாளுக்கு அறிவுரை சொல்வீங்க."

நியாயம்தான். அந்த நேரத்தில் டேலி, வெண்டைக்காயைத் தண்ணீரில் ஊறவைத்து என்று ஆரம்பிக்க வாயைத் திறந்திருந்தான். மூடிக்கொண்டான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"இல்லை. மாத்திரையை ஆபீஸ் டிராயர்ல வெச்சிருக்கேன். ராத்திரி மாத்திரையைக் கண்ணாடிக் கூட்டுல."

அவன் அம்மாவுக்கு ஏன் சொல்லவில்லை என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியும். அவன் அப்பாவுக்கு முதலில் கால் கட்டை விரல். அப்புறம் பாதம். அப்புறம் முழங்காலுக்குக் கீழே. மூணு தடவையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தது அந்த அம்மாதான். 2014ல் தகவல் வந்து ராத்திரி பஸ்ஸில் அவன் ஊருக்குப் போனோம். தோள் கொடுத்த நாலு பேரில் ரெண்டு பேர் நானும் டேலியும்.

"அப்போ இன்னிக்கு ஏன்டா வந்தே? முன்னாடியே சொல்லியிருந்தா வேற எங்கேயாவது போயிருக்கலாமே" என்றான் லோன், குலோப் ஜாமூன் தட்டைத் தள்ளிவைத்துக்கொண்டே. (ஒன்று குறைந்திருந்தது. எப்போது தின்றான் என்று தெரியவில்லை.)

"நாலு பேர் இருந்தாதானே சலுகை?" என்றான் மௌனி. கொஞ்சம் பொறுத்து, "நாம எல்லாரும் உட்கார்ந்து எவ்வளவு நாளாச்சு?" என்றான்.

டேலி கணக்குப் போட்டான். பதினான்கு மாதம்.

இந்த இடத்தில் செவ்வாய்க்கிழமைக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். சனிக்கிழமையாக இருந்திருந்தால் எட்டே முக்காலுக்கெல்லாம் அடுத்த பந்தி ஆட்கள் வாசலில் நின்று எங்கள் நாற்காலியை முறைத்துக்கொண்டிருப்பார்கள். மெஸ்ஸில் முதுகுக்குப் பின்னால் நின்றவர்கள் மாதிரி. அன்று பாதி மேஜை காலி. யாரும் எங்களை எழுப்பவில்லை. தம்பி வந்து கனலை எடுத்துக்கொண்டு போனான். கொடியை அவனே சாய்த்துவிட்டு, "பரவாயில்லை, உட்காருங்க சார்" என்றான். ஒன்பதே முக்கால் வரை உட்கார்ந்திருந்தோம். பெரும்பாலும் மேன்ஷன் கதைதான். மௌனி எழுந்து போய் மூலையிலிருந்து ரெண்டு ஸ்பூன் தயிர்சாதம் கொண்டுவந்தான். கையை அகட்டிப் பாத்தி கட்டிக் காண்பித்தான், பீங்கான் தட்டில்.

பில் வந்தது. லோன் ஒரு தயாரிப்போடு வந்திருந்தான். சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று 2022ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது, அதை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் சரி என்றது என்று வாசகம் வாசகமாக மனப்பாடம். பில்லை மேலும் கீழும் புரட்டினான். சர்வீஸ் சார்ஜே போடவில்லை! பேச்சுப் போட்டிக்குப் போய், போட்டி ரத்து என்று திரும்புகிற பையன் மாதிரி ஆகிவிட்டான். அந்த ஏமாற்றத்திலோ என்னவோ, தம்பி கையில் இருநூறு ரூபாய் வைத்தான். தம்பி தயங்கி, "சார், முடிஞ்சா என் பேர் போட்டு ரிவ்யூ எழுதுங்க. மாசக் கடைசியில பார்ப்பாங்க" என்றான். நாங்கள் தலையாட்டினோம். லிஃப்டில் இறங்குவதற்குள் மூணு பேரும் மறந்துவிட்டோம். மௌனி மட்டும் வாசலில் நின்று போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். ஐந்து நட்சத்திரம். தம்பி பெயரில் எழுத்துப் பிழை இல்லாமல்.

டேலிக்கு 629 ரூபாய் அனுப்பினேன். இரவு பதினொன்றரைக்கு அவனிடமிருந்து செய்தி: '21 பைசா பாக்கி.'

தூக்கம் வரவில்லை. பதினாறு துண்டு உருளைக்கிழங்கு ஒரு காரணம். போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐ.சி.எம்.ஆர். உதவியோடு சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023ல் வெளியாகியிருக்கிறது. இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம். அதன் வாசற்படியில் நிற்கிறவர்கள் 13 கோடியே 60 லட்சம். எனக்கு வயது முப்பத்தாறு. என் அப்பாவுக்கும் சுகர். நான் கடைசியாக ரத்தம் கொடுத்தது எப்போது என்று யோசித்தேன். கல்லூரி என்.எஸ்.எஸ். முகாமில். அதுவும் பிஸ்கட்டுக்காக.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் தெரு முனையில் இருக்கிற லேபுக்கு வெறும் வயிற்றோடு போனேன். ஊசியை எடுத்துக்கொண்டு வந்த பெண், "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்றாள்.

"நேத்து ராத்திரி எட்டு மணிக்கு. ஆனா செவ்வாய்க்கிழமை சாப்பிட்டது இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. எட்டு மணி என்று எழுதிக்கொண்டாள். "டிபன் சாப்பிட்டு, சரியா ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி வாங்க" என்றாள்.

வெளியே வந்தால் மௌனி நின்றுகொண்டிருக்கிறான். வெள்ளிக்கிழமை ராத்திரி போனில் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். வா என்று கூப்பிடவில்லை. வேர்த்திருந்தது. நடந்து வந்திருக்கிறான்.

பக்கத்து ஓட்டலில் உட்கார்ந்தோம். ஆளுக்கு ரெண்டு இட்லி.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்றான், தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. எழுந்து உள்ளே போனாங்க. ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பயந்து போய் எட்டிப் பார்த்தேன். ராத்திரிக்கு வெந்தயம் ஊறப் போட்டுட்டிருந்தாங்க."

இட்லி வந்தது. அது மிதக்கிற அளவுக்கு சாம்பார். மௌனி ஒரு இட்லியைப் பிட்டான். வாளியோடு போய்க்கொண்டிருந்தவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"எத்தனை வாட்டி கேட்டாலும் ஊத்துவாங்கல்ல?"

"ஊத்துவாங்க."

"அண்ணே, சாம்பார்!" என்று சத்தமாகக் கூப்பிட்டான்.